கண்ணாடி அலமாரியில் ஞானதுரையின் புத்தகங்கள்

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் தூத்துக்குடி வியாபாரி ஒருவருக்கு ஒரு பங்களா இருந்தது. சீசன் முடிந்தால் அங்கே இரண்டே பேர்: காவல்காரர் ஞானதுரையும் அவர் மனைவி தங்கபுஷ்பமும். பின்னால் இருந்த, ஓடு வேய்ந்த அறையில் குடியிருந்தார்கள்.

சீசனுக்கு வரும் குடும்பங்கள் குழந்தைகளின் படப் புத்தகங்களை மறந்துவிட்டுப் போகும். 1950களின் நடுவில் ஞானதுரை அவற்றைச் சேர்க்கத் தொடங்கினார். தென்காசிப் பழைய பேப்பர் கடையிலும் தேடி வாங்கினார். எலிகளின் கல்யாண ஊர்வலம், சிவப்பு மை கோட்டுக்கு வெளியே வழிந்த ரயில், வழவழத் தாளில் ஒரு வெளிநாட்டுக் கரடி. பெரும்பாலான படங்கள் சுமார். கதைகள் அதைவிடச் சுமார். அவரை ரசிகர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தாளையும் கிழியவிடாத பிடிவாதம் இருந்தது.

சாரலில் ஓட்டறை ஒழுகும். வழவழத் தாள் ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கரடியின் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். அதனால் பங்களா கூடத்திலிருந்த கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். வெயில் கண்டால் எடுத்துக் காயவைப்பார். முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றவில்லை.

முதலாளி விருந்தாளிகளுக்கு அலமாரியைக் காட்டி, "எல்லாம் நம்ம பிள்ளைக படிச்ச புஸ்தகம்" என்றார். ஞானதுரை காபித் தட்டை அடுத்த விருந்தாளியிடம் நீட்டினார். புத்தகங்களில் சில உண்மையிலேயே அந்தப் பிள்ளைகள் விட்டுப்போனவை. ஒவ்வொரு சீசனிலும் முதலாளி அதையே சொன்னார். இவரும் காபித் தட்டை நீட்டினார்.

1963இல் தங்கபுஷ்பத்தின் அண்ணன் வாசுதேவநல்லூர் அரிசி ஆலையில் ஞானதுரைக்கு ஒரு வேலை பார்த்துச் சொல்லியனுப்பினார்.

"கிளம்புவோம்," என்றாள் தங்கபுஷ்பம். "இந்தச் சாரல்ல எனக்கு மூச்சு இழுப்பு நிக்க மாட்டேங்கு."

"புஸ்தகத்த எப்படி எடுத்துட்டுப் போக? களவாண்டுட்டுப் போறான்னு சொல்லுவாவ."

"அப்போ கேளுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

சீசன் முடிந்து முதலாளி ஊருக்குக் கிளம்பும் நாளில் ஞானதுரை கேட்டார். முதலாளி சிரித்தார்.

"படம் பாக்கவா? இங்கனயே இருந்து பாரும்வே. யாரு வேண்டாம்னா?"

"இல்ல முதலாளி. அது நான் சேத்தது."

"என் வீட்டுல, என் அலமாரியில, நீரு சேத்ததா?"

அதில் கோபம் இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது. பலரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகியிருந்தது. அலமாரியைப் பூட்டி, சாவியைத் தூத்துக்குடிக்கு எடுத்துப்போனார்.

தங்கபுஷ்பம் மூட்டை கட்டினாள். "வாரியளா, இல்லையா?"

"முதலாளி அடுத்த சீசனுக்கு வரட்டும். இன்னொருக்கா கேட்டுப் பாக்கேன்."

"அப்போ அதுக்குள்ளயே ஒரு ஓரமா நீங்களும் உக்காந்துக்கிடுங்க."

அவள் மட்டும் பஸ் ஏறினாள். ஆலை வேலை வேறொருவருக்குப் போனது. ஞானதுரையை யாரும் கட்டிவைக்கவில்லை. எந்த நாளிலும் சாலையில் இறங்கி நடந்திருக்கலாம். அதை அவரும் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

ஐப்பசி அடைமழையில் கண்ணாடியின் உட்புறம் பூஞ்சை படர்ந்தது. அவர் தினமும் வெளிப்புறத்தைத் துடைத்தார்.