கமலாட்சி ஹோமுக்கு இறங்கிய கதை

கமலாட்சியோடு வாதாடி ஜெயித்தவர்கள் யட்டவத்தயில் யாரும் இல்லை. நான் எதிர் வீட்டுக்காரி, கடைத்தெருப் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன், பல வருஷமாகத் தோற்றுக்கொண்டே வருகிறேன். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு ஆகாதது அந்த இரக்கம்தான்.

அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய்ச் சனங்களைப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவுகளை இவளுக்கு அனுப்பும். இவள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் பேட்டி ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அவள் தட்டுவதையும், வருகிற மின்னஞ்சலையும் கணினிக்குள் இருக்கும் ஒரு குரல் வாசித்துச் சொல்லும். இனிமையான குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். தடிமன் பிடித்த ஆள் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். ஊர்ப் பெயர்களை அது கடித்துத் துப்பாமல் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாகப் பழக்கி வைத்திருந்தாள்.

அந்தக் குரல் வருவதற்கு முன்னால் அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்தது அண்ணன் பழனிமுத்து. நல்ல மனுஷன், தங்கச்சி மேல் உயிர். அதுதான் தொல்லையே. மனம் நோகும் செய்தி வந்தால் வாசிக்கவே மாட்டார். ஒரு தடவை டெலிபோன் ஒப்பரேட்டர் வேலைக்கு நேர்முகம் போய் வந்தாள். தெரிவாகவில்லை என்று அண்ணனுடைய போனுக்கு மெசேஜ் வந்தது. "இன்னும் பதில் வரல தங்கச்சி" என்று அவர் மாசக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே அந்த இடத்துக்குப் போன் போட்டு, அப்போதே சொல்லியாச்சே என்று அங்கே ஒரு பெண் சிரித்தபிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. எனக்கும் அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணினியை விற்றவர் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் இப்ஹாம். அது பிறக்கும்போதே விண்டோஸ் ஹோம் பதிப்போடு, அதற்குரிய உரிமத்தோடு பிறந்த மெஷின். கண் தெரியாத அக்காவுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று இப்ஹாம் அதை எடுத்துவிட்டு, ஆகப் பெரிய என்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது பரீட்சார்த்தப் பதிப்பு. தவணை முடிய முடிய அவரே வந்து நீட்டிக் கொடுத்தார். ஒரு நாள் இனி நீட்ட முடியாது என்றாகிவிட்டது. அன்றிலிருந்து கணினி மணிக்கொரு தடவை தானாக அணைந்தது. திரையில் எச்சரிக்கை வந்தாலும் அவளுக்குத் தெரியாது. பேட்டி பாதியில் இருக்கும்போது குரல் அறுந்து போகும், சேமிக்காததெல்லாம் போய்விடும். கொழும்பு வேலை தாமதமாகிக்கொண்டே போனது.

பௌர்ணமிப் போயா லீவன்று இப்ஹாமை வீட்டுக்கே கூப்பிட்டாள். பழனிமுத்து அண்ணனும் நானும் இருந்தோம்.

"அக்கா, ஃபோமட் பண்ணி புதுசா போட்டா அரை மணித்தியாலத்துல முடிஞ்சிரும்" என்றார் இப்ஹாம். "ஃபைல் எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்துத் தாறேன். ஒண்டும் போகாது."

"ஃபைல பென்ல எடுத்துத் தருவீங்க தம்பி. கொரல எதுல எடுத்துத் தருவீங்க?"

அந்தக் குரலையும் பெடலையும் மாசக் கணக்காக உட்கார்ந்து பொருத்திக் கொடுத்த சிநேகிதி இப்போது கட்டாரில் இருக்கிறாள். ஃபோமட் பண்ணினால் கணினி ஊமை. ஊமையானால் மறுபடியும் அண்ணன்தான் வாசிக்க வேண்டும்.

"உள்ள இருக்கிறது எதுவும் அசையாம பழைய ஹோமுக்கு எறக்கணும்" என்றாள் கமலாட்சி.

"எல்லாரும் மேல ஏத்தத்தான் கேப்பாங்க. கீழ எறக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே இப்ஹாம் பென்னைச் செருகினார். ஃபைல்களுக்குப் பிரதி எடுத்து வைத்துவிட்டு ஹோம் பதிப்பை ஓட விட்டார். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்டது. ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவு மங்கிக் கிடந்தது. குரலும் அது கிடைக்காது என்றே வாசித்தது.

"வராது அக்கா. ஒண்டுமே வைக்காம போடத்தான் விடுது. நெக்ஸ்ட் அமத்தவா?"

"கைய எடுங்க."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் இப்ஹாம் சுட்டதைப் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

கண் தெரியாதவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், வவுனியாப் பக்கத்து ஆள் ஒருவர் அனுப்பிய குரல் பதிவை அவள் போட்டுக் காட்டினாள். கணினி தன் பதிப்பின் பெயரை ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் எழுதி வைத்திருக்குமாம். அங்கே என்டர்பிரைஸ் என்று இருப்பதை ஹோமுக்குரிய பெயராக மாற்றிவிட்டு, அணைக்காமல் உடனே ஓடவிட்டால், ஹோம் மேல்தான் ஹோம் போடுகிறோம் என்று அது நம்பிவிடும். அப்போது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள விடும்.

"அங்க கை வச்சு ஏதும் பிசகினா மெஷின் எழும்பாது அக்கா. பொறகு என்னைக் குத்தம் சொல்ல வேணாம்."

"சொல்ல மாட்டேன். மாத்துங்க."

மாற்றினார். மறுபடி ஓடவிட்டார். மங்கிக் கிடந்த தெரிவு இப்போது எழும்பி நின்றது. நான் கை தட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் கெட்டுப்போனோம். வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் வேலை வாங்குவதா என்று அண்ணன் இப்ஹாமைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனார். நான் பிளேன் டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுபோய் வைத்தேன். பேச்சு நாலந்தா ஊர் வரைக்கும் போய் வந்தது. அதற்குள் கணினி, குரல் வாசிக்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அழுத்துவதற்கு ஆளில்லாமல் நின்றிருக்கிறது. திரும்பி வந்து அழுத்தி, கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் மணி முடிந்து அணைந்துவிட்டது.

"டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் கமலாட்சி.

நல்லவேளை, மெஷின் எழும்பியது. பெயர் பழையபடி மாறியிருந்தது. இப்ஹாம் மறுபடி மாற்றினார். இந்த முறை யாரையும் எழும்ப விடவில்லை அவள். மெஷின் எழுந்த சூட்டோடு ஓடவிட்டு, கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் கொடுத்தார்கள். மணி முடிவதற்குள் கணினி தானே ஒரு தடவை அணைந்து எழும்பி, கறுப்புத் திரையில் வேலையைத் தொடர்ந்தது. இனிக் குரல் கிடையாது, சதவீதம் மட்டும்தான்.

"சர்மி, நீ பாத்துச் சொல்லு. இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சுன்னு சொல்லு. எனக்காக முப்பதாக்கிறாத."

சொன்னேன். ஓரிடத்தில் அது அசையாமலே நின்றது. அசையவில்லை என்றே சொன்னேன். அவள் கணினியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல ஏறி, மறுபடி அணைந்து எழும்பி, கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. வந்துவிட்டது என்றேன். அவளே தட்டி என்டரை அழுத்தினாள்.

ஒரு சத்தமும் இல்லை. இப்ஹாம் நெற்றியைத் துடைத்தார்.

பிறகு அந்தத் தடிமன் குரல் பேசியது. கமலாட்சி முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுப் பெடலை மிதித்தாள், பேட்டி ஓடியது. காலை எடுத்தாள், நின்றது. இப்ஹாம் ஹோம் உரிமமும் தானாக ஏறிவிட்டதைப் பார்த்து, இனி அணையாது என்று சொல்லிவிட்டு அப்பாடா என்று சாய்ந்தார்.

அவள் மின்னஞ்சலைத் திறந்தாள். கொழும்பிலிருந்து ஒன்று வந்திருந்தது. எனக்கு முன்னால் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"அத நாளைக்குப் பாத்துக்கலாம் தங்கச்சி. களைச்சுப் போயிருப்ப."

அவள் விசையை அழுத்தினாள். குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது: "இத்தொகுதிப் பேட்டிகளை வேறு ஒருவருக்கு வழங்கியுள்ளோம். தாமதம் குறித்துத் தங்கள் சகோதரரிடம் தொலைபேசியில் இரண்டு முறை தெரிவித்திருந்தோம். தாங்கள் முடித்தவை இருப்பின் அனுப்பவும்."

அவள் அதைத் திரும்பவும் ஒருமுறை வாசிக்க விட்டாள்.

"நீ மனசு ஒடைஞ்சு போவேன்னுதான் சொல்லல" என்றார் பழனிமுத்து.

"ஒடையிறதா இருந்தா நானே ஒடைஞ்சுக்கிறேன் அண்ணே. அதுக்கும் நீங்க வேணாம்."

அவள் முடித்து வைத்திருந்த பேட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து இணைத்தாள். ஒன்றும் குறையவில்லை. பிறகு பதிலைத் தட்டினாள். தட்டத் தட்ட அந்தக் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்க வாசித்தது: "முடித்தவற்றை இணைத்துள்ளேன். அடுத்த தொகுதிக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அண்ணனின் தொலைபேசி இலக்கத்தை நீக்கிவிடுங்கள். நல்லதோ கெட்டதோ, எனக்கே எழுதுங்கள்."

முழுவதையும் இன்னொரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு அனுப்பினாள்.