நாலு மணி வண்டிக்கு வைத்த டீ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தோணிக்குக் கருப்பட்டிச் சிப்பம் சுமந்த உடம்பு, படுத்தால் தூக்கம், அதற்கு மேல் எதையும் யோசித்ததில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

உடன்குடிக்குக் கிழக்கே கடலோரம் எங்கள் ஊர். ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகிற தோணிகள் வரிசையாக நிற்கும், எல்லாக் கடைக்கும் வாசல் கடலைப் பார்த்துத்தான். அப்போது ரயில் வரப்போகிறது என்று ஆட்கள் வந்து, ஊருக்கு மேற்கே அளவுக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஜனம் சும்மா இருக்குமா, கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டு, கடைகளை இடித்து வாசலை மேற்கே திருப்பிக் கட்டிவிட்டது. ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயிலுக்காக உட்கார்ந்திருந்தது. தண்டவாளம் வேறு பக்கமாகப் போய்விட்டது, சரக்கும் அதன் பின்னாலேயே போயிற்று. அப்புறம் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்ததும், மிச்சம் இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

போகாதவர் என் அக்கா புருசன் செல்லையா அத்தான் மட்டும். அளவுக்கல்லுக்கு எதிரே அவருடைய டீக்கடை. வண்டி சாயங்காலம் நாலு மணிக்கு வரும் என்று கல் நட்டவர்களில் எவனோ சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் பத்து கிளாஸ் கருப்பட்டி டீ ஆற்றிப் பலகையில் வைப்பார். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் கேலி பேசிக்கொண்டே எடுத்துக் குடிப்பார்கள். ஆள் இல்லாமல் போனபிறகு மண்ணில் கொட்டுவார்.

அக்கா தன் மகனோடு தூத்துக்குடியில் இருந்தாள். ஒரு வருசம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, வெற்றிலையை மட்டும் விடவில்லை. "அவுகள ஒரு தடவ பாத்துட்டா போதும்லே" என்று என்னை அனுப்பினாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

"அத்தான், அக்கா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கா. கெளம்புங்க."

"நாலு மணி வண்டிக்கு டீ குடுத்துட்டு வாரேன் மாப்ள."

"எந்த வண்டி? கல்லு குட்டி போட்டு வண்டி ஆயிருமாக்கும்?"

"ஒனக்கென்ன. ஆளுக வந்து எறங்குற அன்னைக்குக் கட பூட்டிக் கெடந்தா ஊருக்கில்லா அசிங்கம்?"

கோபத்தில் வெளியே வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். நாலு மணி ஆகியும் நல்ல வெயில்; அத்தான் பத்து கிளாஸ் டீயையும் ஆற்றிப் பலகையில் வைத்திருந்தார். நம்பினால் நம்புங்கள், காலுக்கடியில் மண் அதிர்ந்தது. பலகையில் கிளாஸ்கள் இடித்துக் கலகலத்தன. சூடாக ஒரு காற்று அடித்துக் கண்ணில் ஏதோ விழுந்தது, கசக்கிக்கொண்டே நின்றேன். திரும்பினால் பத்து கிளாஸும் காலி. கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒன்றின் விளிம்பில் மட்டும் வெற்றிலைச் சிவப்பு. அத்தானுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

"யாரு அத்தான் வந்தா?"

"அடுப்பப் பாத்து நின்னேன், நானும் பாக்கல. குடிச்சிட்டாக, அம்புட்டுதான். வா, அவளப் பாப்போம்."

அந்தக் கடையை அவர் பூட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். அக்கா கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள்.

"கருப்பட்டி கூடிப்போச்சு," என்றாள். "உக்கார எடமில்ல, நின்னுக்கிட்டே குடிச்சேன்."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குச் சரியாப் போடுதேம்ளா."

மூன்றாம் நாள் அவர் மடியிலேயே போய்விட்டாள்.

இடையில் ஒரு நாள் கம்பவுண்டர் என் கண்ணிலிருந்து எடுத்துக் காட்டியது நிலக்கரித் துகள். "ரயில்ல சன்னலோரமா வந்தீரோ?" என்று கேட்டார். நான் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தவன்.

அதைக்கூட விட்டுவிடலாம். கண்ணில் விழுந்ததை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. போய்ச் சேர்ந்த அன்றைக்கே அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏலே தம்பி, கல்லுகிட்ட கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னியே, ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஏம்லே திரும்பல?"

இப்போதும் நாலு மணி வாக்கில், யாரும் கூப்பிடாமலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.