ஆலாத்தியோடு ஒரு தரையிறக்கம்

பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு. இரண்டாம் உலகப் போர் நடக்கிற காலம். நீர்மூழ்கிக் கப்பலில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் விடியுமுன் ரப்பர் படகுகளில் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்த ஜப்பான்காரரோடு சண்டை பிடித்தார்கள். எரிக்கக்கூடியதை எரித்தார்கள். பிறகு வந்த வழியே போய்விட்டார்கள். இந்தக் கதையைத்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் லண்டன் நோர்பரியில் ஒரு மண்டபம் எடுத்துக் கலைவிழா நாடகமாகப் போட்டது. பிள்ளைகளே, உங்களில் சிலர் அதில் நடித்திருப்பீர்கள். உங்களில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுக்கப் பெரியவர்களில்தான். அதனால்தான் எழுதுகிறேன். ஓ லெவலோடு படிப்பை விட்டவன் நான், எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்தைப் போட்டவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரில்லை. கம்பனிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவர். ஆனால் மாஸ்டர் என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். கொழும்பிலிருந்து பிளேனில் ஏறி நேரே லண்டனில் இறங்கியவர். அவருக்குக் கடல் என்றால் பிரைட்டன்தான்.

எத்தனையோ கதை இருக்க இந்தக் கதை ஏன் என்று பெற்றோர் கூட்டத்தில் விளக்கம் சொன்னார். பிள்ளைகளுக்கு வீரம் வரவேண்டுமாம், அதற்குச் சண்டைக் கதை வேண்டுமாம். எங்கள் சண்டையை மேடையில் ஏற்றினால் மண்டபக்காரர் கேள்வி கேட்பார்கள், பெற்றோருக்குள்ளும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று கன்னை பிரிந்துவிடும். டிவியில் இந்தத் தீவுச் சண்டையைப் பார்த்தாராம், யாருக்கும் நோகாதாம். எல்லோரும் தலையாட்டினார்கள். வீரம் வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் சுளிக்கக்கூடாது. எங்கள் ஆட்களின் வீரம் அவ்வளவுதான்.

அடுத்தது நடிகர் தெரிவு. ஆண்பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லோருக்கும் மகன் அமெரிக்கச் சிப்பாயாக வரவேண்டும். ஜப்பான்காரனாக நிற்க ஒருவரும் பிள்ளையை விடவில்லை. கடைசியில் ஜப்பான்காரர் இல்லாமலே சண்டை என்று முடிவாயிற்று. வெடிச்சத்தம் ஸ்பீக்கரால் வரும், விழுவதற்கு ஆளில்லை. தோற்க ஒருவனும் இல்லாத யுத்தத்தை எங்கள் பள்ளிக்கூடச் சங்கத்தைத் தவிர வேறு யாரால் நடத்த முடியும்?

பெண்பிள்ளைகள் தீவுச் சனம். தீவுச் சனம் என்ன செய்யும் என்பது மாஸ்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் பார்த்த டிவிப் படத்தில் அவர்கள் வரவேயில்லையாம். ஆகவே ஒரு மண்டபத்துக்கு யார் வந்தாலும் நாங்கள் என்ன செய்வோமோ அதையே வைத்தார். நிறைகுடம், பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம், ஆலாத்தி. கவுன்சிலர் வந்தாலும் இதுதான், பல் டாக்டர் வந்தாலும் இதுதான். வாசலில் கால் வைக்கிறவனுக்குப் பொட்டு வைக்காமல் உள்ளே விட எங்களுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தில், துவக்கோடு கடலால் வந்து இறங்குகிறவனுக்கும் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் ஆலாத்தி எடுக்கிறதாக நாடகம் அமைந்துவிட்டது.

ஆலாத்தித் தட்டு என் மகளின் கையில். அவளுக்குப் பத்து வயது. உயரம், மேடையில் சிரித்துவிடமாட்டாள் என்பதால் அவளைத் தெரிந்தெடுத்தார்கள்.

டூட்டிங்கில் நான் வேலை செய்கிற பலசரக்குக் கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். போனபோதுதான் இதைக் கண்டேன். கார்ட்போர்ட் மட்டையில் செய்த படகிலிருந்து பெடியன்கள் துவக்கை நீட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். என் மகள் குனிந்து, தட்டைச் சுற்றி, முன்னால் நின்றவனின் நெற்றியில் பொட்டு வைக்கிறாள். என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை.

நானும் ஒரு தீவான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவு. என் மகளின் வயதில் நான் இருந்தபோது எங்கள் கரையிலும் இராணுவத்தின் படகுகள் வந்து இறங்கின. நாங்கள் சைவம். ஆனாலும் தேவாலயத்துக்குள் இருந்தால் சுடமாட்டார்கள் என்று ஊர் முழுக்க அதற்குள் போய் நிலத்தில் இருந்தோம். அவ்வளவுதான் நான் கண்ட தரையிறக்கம். யாரும் யாரையும் வரவேற்கவில்லை.

ஒத்திகை முடிய மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், துவக்கோட வாறவனுக்கு ஆர் ஆலாத்தி எடுக்கிறது?"

"அண்ணை, இவை காப்பாத்த வாறவை. நல்ல ஆக்கள்."

"அது தீவில இருக்கிற சனத்துக்கு எப்பிடித் தெரியும்? இருட்டுக்குள்ள வந்து இறங்கிறவனை நல்லவன் எண்டு ஆர் போய்ச் சொன்னது?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"இருட்டு இல்லை அண்ணை," என்றார். "எல்லா லைட்டும் போட்டுத்தான் செய்யிறம். இல்லாட்டி வீடியோவில விழாது."

இந்த மனிதரோடு என்ன கதைக்கிறது? சனம் பயந்து ஓடுகிற மாதிரியாவது வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். தாய்மாரைக் கேட்கவேண்டும் என்றார். தாய்மார் பக்கத்திலேயே நின்றார்கள், கேட்கும்வரை பொறுக்கவில்லை. பட்டுப்பாவாடை எல்லாம் தைத்தாயிற்றாம். சவுத்தால் கடைத்தெரு வரை போய் வளையல் வாங்கியாயிற்றாம். என் மனைவியும் அவர்கள் பக்கம்தான்.

"பயந்து ஓடுறதெண்டால் அதுக்கு ஏனப்பா பட்டு?" என்றாள்.

கேட்டு நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் போலத் தீவில் பிறந்த வேறு ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களும்தான் சிரித்தார்கள். மாஸ்டருக்காவது தெரியாது. தெரிந்துகொண்டு சிரித்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வீட்டுக்கு வந்து, மகள் இந்த நாடகத்தில் நடிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். கூட்டாளிகள் எல்லோரும் நடிக்கிறார்கள், தான் மட்டும் கீழே இருந்து பார்ப்பதா என்று கேட்டாள். ஏன் என்று காரணம் கேட்டாள். சொல்லாமல் மறித்தால் நானும் ஒரு மாஸ்டர்தான். ஆகவே தேவாலயத்தைப் பற்றிச் சொன்னேன். இறங்கினவர்கள் உள்ளே வந்து, பெரிய பெடியன்களை எழும்பச் சொன்னதைச் சொன்னேன். என் அண்ணை எழும்பிப் போனதையும், திரும்பி வராததையும் சொன்னேன். அதற்கு முன் அவளுக்கு அதை நான் சொன்னதில்லை.

அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, ஆலாத்தி எடுத்திருந்தா பெரியப்பாவை விட்டிருப்பினமா?"

"இல்லையம்மா."

"அப்ப எனக்கு அந்தத் தட்டு வேண்டாம். ஆனா நாடகம் வேணும்."

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தானே மாஸ்டரிடம் போய், தன்னைக் கடலில் போடச் சொல்லிக் கேட்டாள். கடல் என்றால் மேடையின் முன்பக்கம் ஒரு நீலச் சேலை. அதை இரண்டு தலைப்பிலும் பிடித்து ஆட்டுகிறவர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகள். சேலைக்குப் பின்னால் குந்தியிருப்பதால் முகம் தெரியாது. அதனால் ஒரு தாயும் அந்தப் பாத்திரத்துக்குச் சண்டை பிடிப்பதில்லை. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டைத் தன் மகளுக்குத் தரச் சொல்லி ஒரு தாய் முதல் நாளிலிருந்தே அவரை அரித்துக்கொண்டிருந்தாராம். தட்டு அங்கேயே கைமாறியது. என் மனைவி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கலைவிழா அன்று, பிரதம விருந்தினர் வரப் பிந்தினார். வந்தவுடன் அவருக்கும் ஆலாத்தி. பிறகு தலைவர் பேசினார், உபதலைவர் பேசினார், இருவரும் நேரம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே பேசினார்கள். அதன் பிறகு நாடகம். மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்பதால் ஆலாத்தித் தட்டில் கர்ப்பூரத்துக்குப் பதில் பற்றரி விளக்கு. பனங்கூடல் மாதிரி ஒரு திரை. பசிபிக்கில் பனைமரம். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பாட்டுத் தொடங்கியது. சிப்பாய்கள் மட்டைப் படகைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடல் ஆடியது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் பிடித்த தலைப்பில் சின்னச் சின்ன அலை. மற்றத் தலைப்பில் அலை படகுக்கு மேலால் எழும்பியது. இறங்குகிற இடம் அந்தப் பக்கம்தான். முன்னால் வந்தவன் காலைத் தூக்கினான், சேலை அவன் முழங்காலில் சுற்றியது, பின்வாங்கினான். மறுபடி வந்தான். மறுபடி அலை. பின்னால் நின்ற சிப்பாய்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டினார்கள். மேடையின் ஓரத்தில் நின்று மாஸ்டர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். சேலைக்குப் பின்னால் குந்தியிருக்கிறவளுக்கு அது தெரிந்ததோ தெரியாதோ, அலை குறையவில்லை.

தீவுச் சனம் பட்டுப்பாவாடையோடு காத்து நின்றது. தட்டு வாங்கிய புதுப் பிள்ளை, ஒருவரும் இல்லாத இடத்துக்குப் பற்றரி விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இவ்வளவுக்கும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வெடிச்சத்தமும் வந்து முடிந்தது. கடைசியில் பாட்டும் முடிந்துவிட்டது. சிப்பாய்கள் இன்னும் கடலில். அறிவிப்பாளர் அடுத்தது பரதநாட்டியம் என்றார், திரையை இழுத்துவிட்டார்கள். சனம் கைதட்டியது. அவர்கள் எதற்கும் கைதட்டுவார்கள்.

வெளியே மட்டன் ரோல்ஸ் விற்கிற மேசையடியில் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட மகள் என்ர நாடகத்தைக் கெடுத்துப்போட்டா. ஒருத்தனும் இறங்கேல்லை."

"ஓம் மாஸ்டர்," என்றேன். "ஒருத்தனும் இறங்கேல்லை."

இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வீடியோக்காரருக்கு என்ன மறுமொழி சொல்வது என்றார், பிரதம விருந்தினர் என்ன நினைப்பார் என்றார். நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனேன். சீட்டில் ஏறி இருந்தாள். பெல்ட்டை இழுக்கப் பார்த்தாள், தோள் நோவில் கை எழும்பவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன்.