சுரண்டி வழித்த சரிவு

மார்கழி மழைக்கு நடுவில் நாலு நாள் வெயில் காட்டினால் போதும், என் வீட்டுக்காரருக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. மார்கழியிலேயே பாத்தி கட்டி எருப் போட்டு வைத்தால், தையில் விதை போடலாம், சித்திரைக்குப் போஞ்சியும் கறிமிளகாயும் பறிக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்தான் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டி டவுனில் விதை வாங்கிக்கொண்டு வந்து பின்கதவைத் திறக்கிறேன், சரிவு மொட்டையாகக் கிடக்கிறது. மேலிருந்து கீழ்வரை வெறும் சிவப்பு மண். மனிதர் புல் வழிக்கிற சுரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“எப்படி? ஒரு புல்லு இருக்கா பாரு!”

அவர் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே தேயிலைக்கு நடுவே புல் நின்றால் கங்காணி வாயில் விழ வேண்டும். மண் தெரிய வழித்து வைப்பதுதான் வேலைக்கு அழகு என்று அவர் கைக்கு ஊறிப்போய்விட்டது. ஆனால் அங்கே தேயிலை வேர் மண்ணைப் பிடித்திருக்கும், தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும். இங்கே மண்ணைப் பிடித்திருந்தது அந்தப் புல் மட்டும்தான். இவ்வளவும் அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. புல்லோடு நான் விட்டுவைத்திருந்த வல்லாரைக் கீரையும் போய்விட்டதே என்று, “என் வல்லாரை எங்க?” என்றுதான் கத்தினேன்.

சரிவின் அடியிலேயே ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு அக்காவை, அவர்கள் வழக்கப்படி, நானும் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அம்மா, எங்களுக்கும் ‘உம்மா’தான், இடுப்பெலும்பு முறிந்து பின்னறையில் படுக்கையாகக் கிடந்தார். அந்த அறைச் சுவருக்கும் எங்கள் மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மறுநாள் காலையில் சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி கட்ட நினைத்த இடத்துக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு. விரல் நுழைந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கையே நுழைந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“வாங்க, உம்மாவ இங்க தூக்கிட்டு வந்துருவோம்.”

“மழைக்கு மண்ணு வெடிக்கத்தான் செய்யும், புள்ள.”

“உள்ள கைய விட்டுப் பாருங்க!”

கையை விட்டார். எடுத்தபோது முகம் செத்துப்போயிருந்தது. “நம்ம மண்ணு உங்க மேல விழப்போகுதுன்னு எப்படிப் போய்ச் சொல்றது? மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?”

“மூஞ்சிய வீட்லயே வச்சிட்டு வாங்க. கை ரெண்டும் வந்தா போதும்!”

கீழே போய்ச் சொன்னதும் தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உம்மாவை அசைத்தாலே உயிர் போகிற வலி. உம்மாவோ ஒரேயடியாக மறுத்தார். “நா எங்கயும் வரல்ல. வாறது எங்க ஈந்தாலும் வரும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜன்னலில் மண்தண்ணீர் தெறித்துக்கொண்டிருக்கிறது, இவர் விதியைப் பேசிக்கொண்டிருக்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“உம்மா, புல்ல வழிச்சவன் நான்தான். உங்கள இங்க விட்டுட்டு என்னால போக முடியாது. நானும் இங்கயே உக்காந்துர்றேன்.”

உம்மா அவர் பக்கம் தலையைத் திருப்பினார். “கதிரையக் கொண்டாங்க, மகன்.”

பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து மூன்று பேருமாகத் தூக்கினோம். எங்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாசி. என் வீட்டுக்காரர் பின்னால், நாங்கள் இருவரும் முன்னால். ஒவ்வொரு படிக்கும் உம்மா முனகினார். என் கால் ஒருமுறை வழுக்கியது, அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எப்படியோ கொண்டுவந்து எங்கள் கட்டிலில் கிடத்தினோம்.

அதோடு மனிதர் சும்மா இருந்தாரா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவின் மேல்முனைக்கு ஓடினார், தண்ணீரைத் திருப்பிவிடக் கான் வெட்டுகிறாராம்.

“வாங்க இங்கால! உங்களுக்குக் கிறுக்கா?”

“ரெண்டே வெட்டு!”

அரிசி மூட்டையைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் முன்னால் இருந்த மண் முழுசாக இறங்கிப் போனது. அவர் பின்பக்கமாக விழுந்து கிடந்தார், கையில் மண்வெட்டி இல்லை. கீழே உம்மாவின் ஜன்னல் சட்டத்தோடு உள்ளே போய்விட்டது. கட்டில் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது, ஓரத்தில் தலையணையின் ஒரு மூலை. தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“என்ன சத்தம்?” என்று உம்மா உள்ளேயிருந்து கேட்டார். தாத்தா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

மண்ணை அள்ளினோம். இடிந்த சுவரைக் கட்டினோம். பொங்கலுக்கும் உம்மா எங்கள் கட்டிலில்தான் இருந்தார். அறை தயாராகியும் போகவில்லை. “அங்க பயமா ஈக்கு. புல்லு வரட்டும்” என்றார்.

அதனால் என் வீட்டுக்காரர் புல் நட்டார். பாதையோரத்தில் வேரோடு பெயர்த்துவந்து, மேலே ஒழுங்காகக் கான் வெட்டி, குறுக்கே உயிர்வேலிக்கு நடுகிற கிளிசீரியாக் கம்பு ஊன்றி, மண்டியிட்டு ஒவ்வொரு கொத்தாக நட்டார். நான் வாங்கிவந்த விதை அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் உம்மா கேட்பார், “புல்லு புடிச்சிச்சா, மகன்?” அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இன்னும் இல்ல உம்மா” என்பார்.

சித்திரை மழைக்குச் சரிவு முழுக்கப் பச்சை கட்டியது. ஒரு நாள் காலை அவர் கேள்விக்குக் காத்திருக்காமல் ஒரு கொத்துப் புல்லைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைத்தார். உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேரில் மண் ஒட்டியிருந்தது.

“இதயும் புடுங்கிட்டீங்களா, மகன்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பிறகு அந்தக் கொத்தை வாங்கிக்கொண்டு போய், பிடுங்கிய இடத்திலேயே திரும்ப நட்டுவிட்டு வந்து, உம்மாவைக் கீழே கொண்டுபோகக் கதிரையை எடுத்தார்.