அமுக்குவான் கட்டில்

திருப்பரங்குன்றம் சாலையில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், எங்கள் அறையின் ஜன்னலோரக் கட்டிலில் மட்டும் யாரும் நிலைத்துப் படுத்ததில்லை. அதில் தூங்கினால் அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்காருமாம். கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, கத்தினால் சத்தம் வராது. பக்கத்தில் யாரோ நிற்பார்கள்.

அப்போது நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். அறையில் என்னுடன் இருந்தவர் கொட்டாம்பட்டிப் பக்கத்து அக்கா. அதே மருத்துவமனையின் மருந்துக் கடையில் அவருக்கும் இரவுப் பணிதான்.

"எனக்கும் வந்துச்சு புள்ள. அதான் இந்தக் கட்டிலுக்கு மாறிட்டேன்" என்றார். யார் வந்தது என்று கேட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஒரு சாம்பிளில் முடிவு விசித்திரமாக வந்தால் நாங்கள் அதை நம்பவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மாட்டோம். இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில்தான் என் தலையணையை ஜன்னலோரம் கொண்டுபோனேன். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முற்பகலில் அது வந்தது.

தெருவில் காய்கறி ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. தக்காளி, வெங்காயம் என்று ஒலிபெருக்கி சொல்வது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. விரலை அசைக்க முடியவில்லை. மூச்சு பாதியில் நின்றது. தலைமாட்டில் ஒருவர் குனிந்து நிற்பது, பார்க்காமலேயே தெரிந்தது. ஆட்டோ தெருமுனை திரும்பியபோது உடம்பு விடுபட்டது. ஓடிப்போய்க் குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன், பட்டப்பகலில்.

அன்றிரவு பணியில் இருந்த மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கனவு காணும்போது உடம்பு பூட்டிக்கிடும்மா. பூட்டு தொறக்கறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துட்டா இப்படித்தான். நைட் ஷிப்ட் பாக்கறவங்களுக்கு ஜாஸ்தி. மல்லாந்து படுத்தா இன்னும் ஜாஸ்தி" என்றார்.

அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதாலேயே சந்தேகம் அரித்தது. இரவுப் பணி எல்லாருக்கும்தான், இந்தக் கட்டிலில் மட்டும் ஏன்? ஒருவேளை நாங்கள் எல்லாரும் கதையைக் கேட்டுவிட்டுப் படுத்ததாலா? கேட்காத ஒருத்தி படுத்தால் என்ன ஆகும்?

அடுத்த மாதம் எங்கள் மருத்துவமனை வரவேற்பறையில் இரவுப் பணிக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். நான் என் பழைய கட்டிலுக்குத் திரும்பியிருந்தேன். அவளுக்கு ஜன்னலோரம்தான் கிடைத்தது. யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் அக்காவிடமும் கேட்டுக்கொண்டேன். "பேயோட வெளையாடாத ஆத்தா" என்றார் விடுதியம்மா.

"பாவம்டி அது" என்றார் அக்கா. ஆனாலும் இருவரும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

சில நாள் கழித்து, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, இந்த ரூம்ல யாராச்சும் செத்துக்கித்துப் போயிருக்காங்களா?"

வாசலில் நின்ற விடுதியம்மா என்னைப் பார்த்தார். "நான் சொன்னப்ப கேட்டியா ஆத்தா?"

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மொட்டை மாடிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கதையே கேட்காதவளுக்கும் வந்துவிட்டது; சோதனை எனக்கு எதிராகப் போயிருந்தது. அப்படியே ஒப்புக்கொள்வதா, இல்லை நான் எதையாவது பார்க்காமல் விட்டேனா?

சாயங்காலம் அவள் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியதும், கீழே எங்களுக்காக வேன் காத்திருக்கும்போது, அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஒருக்களித்தேன். உடம்பு உருண்டு மல்லாந்துவிட்டது. அடுத்த பக்கம் திரும்பினேன். மறுபடி மல்லாந்தேன். மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை நடுவே குழிந்து கிடந்தது. அதில் யார் படுத்தாலும் முதுகில்தான் தூங்க முடியும். மருத்துவர் சொன்னதுதான்.

மறுநாள் மொட்டை மாடியில் கிடந்த பழைய கதவுப் பலகையை இறக்கி மெத்தைக்கு அடியில் போட்டேன். அதே நாளில் விடுதியம்மா ஜன்னலில் வேப்பிலை செருகி, தலையணைக்கடியில் கத்தரிக்கோலும் வைத்துவிட்டார். புதியவளுக்கு அமுக்குவது நின்றது.

"வேப்பிலைய எடுத்துட்டுப் பாப்போம்மா" என்றேன்.

"உன் பலகைய எடுத்துட்டுப் பாரேன்" என்றார் அவர்.

இரண்டில் எதையும் எடுக்க அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதனால் நின்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது எனக்குள் நமைச்சலாகவே இருந்தது.

அவள் சில நாள் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு காலையில் பணி முடிந்து திரும்பியதும் அக்கா கேட்டார்: "அந்தப் பலகைய எடுத்துர்றியா? நான் அங்க படுக்கப் போறேன்."

எனக்குப் புரியவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்பு அந்தக் கட்டிலில் அவருக்கு வந்தது அவருடைய அம்மா. கால்மாட்டில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாராம். அம்மா இறந்த இரவில் அக்கா பணியில் இருந்தார். போன் லாக்கரில் கிடந்தது. போய்ச் சேர்வதற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

"அப்ப பயந்துபோயி கட்டில மாத்திட்டேன். இப்ப பாக்கணும்போல இருக்கு."

"அக்கா, அது உங்க மூளை பண்ற வேலை."

"இருக்கட்டுமே. எம்மூளைக்குள்ளதான எங்கம்மா இருக்கு? வேற எங்க போயிப் பாக்கச் சொல்ற?"

அதற்குமேல் நான் வாதாடவில்லை. பலகையை உருவினேன். வேப்பிலையையும் கத்தரிக்கோலையும் அவரே எடுத்துவிட்டார். அமுக்கும்போது யாராவது தொட்டால் கலைந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "என்னத் தொட்றாத" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

நான் என் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அக்காவின் மூச்சு திடீரென்று குறுகியது. கண் பாதி திறந்தது. கருவிழி கால்மாட்டை நோக்கி நகர்ந்து அங்கேயே நின்றது. எழுந்து அருகில் போனேன். தோளைத் தொட ஒரு கை நீளம்கூட இல்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு நானும் கால்மாட்டைப் பார்த்தேன். கொடியில் துண்டு தொங்கியது. வேறு ஒன்றுமில்லை.

அக்கா வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"வந்தாங்களா?"

"எங்கம்மா இல்ல புள்ள." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா மாதிரியே நின்னுச்சு. ஆனா அது எங்கம்மா இல்ல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவரே மெத்தையைத் தூக்கிப் பிடித்தார். நான் பலகையை உள்ளே தள்ளினேன். முதல் தடவை அம்மாவாக வந்தது இப்போது ஏன் வேறாக வந்தது என்று கேட்டார். உடம்பு பூட்டிக்கொள்வது ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியும். அதில் எந்த முகம் வரும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

அதற்குப் பிறகு இருவருமே தூங்கவில்லை. சாயங்காலம் வேனுக்காகப் படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ நல்லாப் பாத்தியா? கால்மாட்ல?"

"பாத்தேன்க்கா. ஒண்ணுமில்ல." ஒரு படி இறங்கியபின் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம்தான் அங்க பாத்தேன்."

அக்கா பிடித்த கையை விட்டார்.

"அப்ப முழுசாப் பாக்கல."

"முழுசாப் பாக்கலக்கா" என்றேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். வேலைக்குப் போனோம்.