ஆறவைத்த பன்றிக்கால்

அந்த உக்ரேன்காரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒஸ்லோவுக்கு வந்து உணவகங்களில் சட்டி கழுவினேன். பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் துப்புரவுக் கம்பனி தொடங்கினேன். 2004இல் என்னிடம் பதினான்கு பேர் வேலை செய்தார்கள்; அதில் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். சட்டி கழுவிய காலத்தில் முதலாளி எனக்குத் தந்தது முந்தின நாள் மிச்சம், அதுவும் குளிர்ந்து விறைத்துப்போய். அதனால் நகரின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் கம்பனிக்கு அறை எடுத்தபோது நான் முதலில் வாங்கியது மேசை அல்ல, மைக்ரோவேவ். என்னிடம் வேலை செய்கிற எவரும் ஆறிய சாப்பாடு தின்னக்கூடாது.

அந்த ஆண்டுத் தை மாதம், தங்கள் பழைய கலண்டரில் இன்றைக்குத்தான் நத்தார், யேசு பிறந்த நாள் என்று சொல்லி அவள் ஒரு கண்ணாடித் தட்டம் கொண்டுவந்தாள். ஐம்பது வயதுக்காரி. அவளைப்போல் தரை துடைக்க என் ஆட்களில் ஒருவரும் இல்லை. தட்டத்தில் பன்றிக்கால் இறைச்சி, சுற்றிலும் கொழகொழவென்று உறைந்த சாறு. பெயர் ஹொலொதெத்ஸ். அவர்கள் ஊரில் பன்றி அடித்தால் காலைக்கூட வீசமாட்டார்களாம். பன்றி எங்கள் வீட்டுக்குள் வராது. வெளியில் நான் தின்பேன்.

அவள் கைகழுவப் போனாள். பாவம், சூடாக்க மறந்துவிட்டாள் என்று நினைத்துத் தட்டத்தை மைக்ரோவேவில் வைத்தேன். மிளகாய்த்தூளும் தாராளமாகப் போட்டேன். திரும்பி வந்தவள் கண்டது சிவப்புத் தண்ணீரில் மிதந்த இறைச்சியைத்தான்.

நாங்கள் இருவரும் பேசியது உடைந்த நோர்வேஜிய மொழி. கோபத்துக்கு அது போதும்.

“இது குளிராத் தின்னுற சாப்பாடு! எட்டு மணித்தியாலம் அவிச்சனான்!”

“ஆறின இறைச்சியை ஆர் மனுசருக்குக் குடுக்கிறது?”

“உனக்குத் தின்னவே தெரியாது!”

என் அறையில், என் மேசைக்கு முன்னால் நின்று!

என் மனைவியின் தம்பியும் அங்கே வேலை செய்தான். அவன் தமிழில் தொடங்கினான். “அத்தான், சூப் தயார். உப்பை மட்டும் பாருங்கோ.”

“வாயைப் பொத்தடா!”

அவளுக்குத் தமிழ் விளங்காது; அவனுடைய இளிப்பு விளங்கியது. தான் துடைக்கும் பள்ளிக்கூடக் கதவுகளின் திறப்புகளை மேசையில் வைத்தாள். “வேற ஆளைப் பிடி.”

‘போ’ என்ற சொல் வாய்வரை வந்தது. வேலைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஆனால் அவள் அந்தத் தட்டத்தைப் பார்த்து நின்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் முழங்காலளவு பனிக்குள் புதைத்தேன். காகம் கொத்திவிடும் என்று பக்கத்திலேயே நின்றேன். பதினான்கு பேரின் முதலாளி பன்றிக்காலுக்குக் காவல்! மச்சான் யன்னலால் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

நெடுநேரம் கழித்து அவள் என் மேலங்கியும் ஒரு கத்தியுமாக வந்தாள்.

“போடு. செத்துப்போவாய்.”

சாறு மறுபடி உறைந்திருந்தது, செக்கச் சிவப்பாக. கத்தியால் ஒரு துண்டு வெட்டி என் கையில் வைத்தாள். குளிர், வழுவழுப்பு, பிறகு உள்ளிப்பூண்டு, பிறகு என் மிளகாய். அவளும் ஒரு துண்டு தின்று இருமினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

“எப்பிடி?”

“சூடா இருந்தால் நல்லாயிருக்கும்.”

அவள் தன் மொழியில் ஏதோ திட்டினாள். திட்டிக்கொண்டே உள்ளே போய், திறப்புகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கை விறைக்க, வாய் எரிய, மிச்சத் துண்டையும் தின்று முடிக்கும்வரை நான் அவளைத் திருப்பித் திட்டிக்கொண்டே நின்றேன். தமிழில்தான்.