தார்ப்பாய்க்குள் தெரிந்த வெளிச்சம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு இறால் ஹேட்சரி. குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, பண்ணைகளுக்கு விற்கும் இடம். அங்கே குஞ்சுக்குத் தீனியான பாசி வளர்க்கும் ஆல்கே ரூம் என் பொறுப்பு. இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே வளர்வது இறால் மட்டும் இல்லை. பிளாஸ்கில் பழுப்பாகப் பெருகும் பாசி ஒரு உயிர். அதைத் தின்னும் குஞ்சு இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத விப்ரியோ பாக்டீரியா மூன்றாவது. நாம் சோறு போடுவது முதல் இரண்டுக்கு. கொழுப்பது அந்த மூன்றாவது சனியன்.

குஞ்சு நன்றாகத் தின்றால் அதன் கழிவு பின்னால் நூல் மாதிரி நீளமாகத் தொங்கும். அந்த ஐப்பசியில், குஞ்சுத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட பஷீர் பாய் பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"ஸ்டெல்லா, வாலு எம்மா நீளம் கீது பாரு! உன் பாசிய வெட்டு வெட்டுனு வெட்டுது."

முந்தைய பேட்ச்சுகள் எல்லாம் செத்திருந்தன. இதுவும் போனால் ஹேட்சரியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பாய்க்கும் எனக்கும் வேறு வேலை தெரியாது.

மறுநாள் கடைசித் தொட்டியை மூடியிருந்த கறுப்புத் தார்ப்பாய்க்குள் தலையை விட்ட பாய் வெளியே வரவே இல்லை. நானும் நுழைந்தேன். இருட்டில் தண்ணீர் பச்சையாக மினுங்கியது. விப்ரியோ பெருகினால் அப்படித்தான். பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தொட்டிக் குஞ்சு இனி பிழைக்காது.

அப்படிப்பட்ட தொட்டியில் குளோரின் போட்டு, உள்ளே எல்லாம் செத்த பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். முதலாளிக்கோ அன்று சாயங்காலமே தாய் இறால் வந்து இறங்குகிறது. தொட்டி உடனே காலியாக வேண்டும்.

"சும்மா தொறந்து வுடு பாய். அம்மாம் பெரிய கடல்ல இது இன்னா தெரியப்போவுது?"

"மழைக்காலம் சார். ஓட்டம் தெக்கால திரும்பிகீது. நம்ம பம்ப்பு அந்தாண்டதான கீது?"

"தெரியும்யா! தாய் இறால என் தலையிலயா வெச்சுக்கச் சொல்ற?"

கழிவுக் குழாய் வடக்கே, தண்ணீர் இழுக்கும் பம்ப் தெற்கே. கடல் வடக்காக ஓடும் மாதங்களில் கவலை இல்லை. மழைக்காலத்தில் எங்கள் கழிவு எங்கள் வாசலுக்கே வரும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துதான் வால்வைத் திறந்தோம்.

இரண்டொரு நாளில் பம்ப் தண்ணீரைச் சோதிக்க வைத்த பிளேட்டில் விப்ரியோவின் பச்சைப் புள்ளிகள். ஃபில்டர், கிருமி கொல்லும் யூ.வி. விளக்கு எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாக மினுங்கியது. குஞ்சுகள் தின்னாமல், அந்தக் கழிவு வால் இல்லாமல் அடியில் படிந்தன. முதலாளி காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா, நாமளே வெளிய வுட்டு நாமளே இஸ்துகினு வந்துட்டோமே" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

வேண்டாததைக் கொட்ட நமக்கென்று வேறு கடல் கிடையாது. நான் கற்றது அதுதான். கற்று என்ன பிரயோஜனம்? ஹேட்சரியை மூடிவிட்டார்கள்.

கடைசி நாள் என் பாசி மட்டும் அருமையாக வளர்ந்து நின்றது. தின்ன ஒரு வாய் இல்லை.

"இத இன்னா பண்ணப் போற?" என்றார் பாய்.

குளோரின் போட்டேன். முறைப்படி காத்திருந்து, எல்லாம் செத்த பிறகு திறந்துவிட்டேன்.